விதைக்குள் இருக்கும் காவல்

(சங்கரன்கோவிலில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்குக் கோதுமையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் யார் கோதுமை விதைக்கிறார்கள்? மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசனத்தில் நெல் விளைகிறது. கிழக்கே கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் மிளகாயும் விளைகின்றன. கோதுமையை நாம் ரேஷன் கடையில் பார்க்கிறோம்; பரோட்டாக் கடையில் மைதாவாகப் பார்க்கிறோம். வயலில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆனாலும் இந்த விஷயத்தை எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பயிருக்கு நோயோ பூச்சியோ வந்தால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: டேங்கை முதுகில் மாட்டிக் கொண்டு மருந்து அடிப்பது. பெயர்தான் மருந்து, உள்ளே இருப்பது நஞ்சு. விற்கிறவர் கடைக்காரர்; வாங்குகிறவர் நிலக்காரர்; மூக்கிலும் தோலிலும் அதை ஏற்றுக் கொள்கிறவர் கூலிக்காரர்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நோயைத் தாங்கும் சக்தியைப் பயிரின் விதைக்குள்ளேயே வைத்து விடுவது. இந்த வழியை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த பயிர்களில் முதன்மையானது கோதுமை. அந்தச் சரித்திரத்தில் நமது நீலகிரிக்கும் பழனி மலைக்கும் பெரிய பங்கு உண்டு. அதில் நெல் வயலில் நிற்பவருக்கும், பஞ்சாலையில் நிற்பவருக்கும் பாடம் உண்டு.

துரு என்னும் எதிரி

கோதுமையின் பெரிய எதிரி துரு நோய். இரும்பில் துரு ஏறுவது போல இலையிலும் தண்டிலும் சின்னஞ்சிறு கொப்புளங்கள் வெடிக்கும். விரலால் தடவினால் துருத்தூள் ஒட்டிக் கொள்ளும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு பூசணத்தின் வித்து. காற்றில் பறந்து போய் இன்னொரு கோதுமை இலையில் விழுந்து, பனி ஈரம் கிடைத்ததும் முளைத்து, இலைக்குள் புகுந்து, பயிர் தனக்கென்று சமைத்த உணவை உறிஞ்சும். இரண்டு வாரத்திற்குள் அங்கே புதிய கொப்புளம். அதிலிருந்து மறுபடியும் ஆயிரக்கணக்கான வித்துகள். கறுப்புத் துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என்று மூன்று வகை. தண்டைத் தாக்கும் கறுப்புத் துரு மிகவும் கொடியது. நன்றாக நின்ற பயிர், அறுவடைக்குச் சில வாரம் முன்பு, பதராகிச் சாய்ந்து விடும்.

பழைய ரோமாபுரியில் இந்தத் துருவுக்கு ஒரு தெய்வம் இருப்பதாக எண்ணி, ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ம் நாள் நாயைப் பலி கொடுத்தார்கள். நோயின் காரணம் தெரியாதபோது மனிதன் வேறென்ன செய்வான்? நம் நாட்டிலும் நர்மதைப் பள்ளத்தாக்கில் 1820-களின் இறுதியில் கோதுமை அடுத்தடுத்துத் துருவால் அழிந்தது. 1946-47-ல் மத்திய இந்தியாவில் கறுப்புத் துரு பேரழிவு செய்தது. வங்கப் பஞ்சத்தின் ஈரம் காயாத காலம் அது. ரேஷன் தானியத்திற்கு நாடே ஏங்கி நின்ற நேரத்தில் வயலில் நின்ற தானியம் தூளாகப் பறந்தது.

மலையில் ஒளிந்திருந்தது

இங்கே ஒரு புதிர். துருப் பூசணம் உயிருள்ள பயிரில்தான் வாழும். வைக்கோலில் வாழாது, மண்ணில் வாழாது. சமவெளியில் ஏப்ரல் மாதத்தோடு கோதுமை அறுவடை முடிந்து விடுகிறது. மே, ஜூன் வெயிலில் மிச்சமிருக்கும் வித்துகளும் வெந்து போகின்றன. அப்படியானால் அடுத்த பருவத்தில் துரு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினார் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா. 1920-களில் ஆரம்பித்து, 1950-ல் இறக்கும் வரை இதே வேலை. பல ஊர்களில் பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைக் காற்றில் காட்டி, எந்த ஊரில் எந்த மாதம் துருவித்து விழுகிறது என்று கணக்கெடுத்தார். விடை கிடைத்தது. துரு வெயில் காலத்தைக் குளிர்ந்த மலைகளில் கழிக்கிறது. வடக்கே இமயமலை; தெற்கே நமது நீலகிரி, பழனி மலை. அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வயலில் கோதுமையோ, சிந்திய மணியிலிருந்து தானே முளைத்த பயிரோ பச்சையாக நின்றது. துரு அதில் குடியிருந்தது.

1970-களில் எஸ். நாகராஜன், எல்.எம். ஜோஷி முதலான விஞ்ஞானிகள் இன்னொரு படி மேலே போனார்கள். நவம்பரில் வங்கக் கடலில் புயல் எழும்போது, அதன் காற்று நீலகிரியிலிருந்து கறுப்புத் துருவின் வித்துகளை வாரிச் சென்று, மத்திய இந்தியாவில் மழையோடு மழையாகக் கோதுமை வயல்களில் இறக்குகிறது என்று காட்டினார்கள். நம் கரையில் வீசும் புயல், வெகுதூரத்துக்கு அப்பாலுள்ள விவசாயியின் சோற்றில் கை வைக்கிறது! ஒரு நாட்டின் உழைப்பாளிகள் எப்படி ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எதிரியின் ஒளிவிடம் தெரிந்த பின் என்ன செய்வது? அங்கேயே போய்க் காவல் போடுவதுதானே முறை? குன்னூரை அடுத்த வெலிங்டனில், டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் கிளை 1950-களில் ஏற்பட்டது. துருவுக்குத் தோதான அந்தக் குளிரில் நோய் எப்போதும் இருக்கும். ஆகவே புதிய ரகம் நோயைத் தாங்குமா தாங்காதா என்பதை அங்கே ஏமாற்ற முடியாது. நாட்டின் பல பாகத்து ஆராய்ச்சியாளர்களும் தங்கள் விதையைச் சோதனைக்கு அங்கே அனுப்புகிறார்கள்.

விதைக்குள் சக்தி ஏறுவது எப்படி?

கோதுமைப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. தன்னைத் தானே சூல் கொள்ளும். நல்ல விளைச்சல் தரும் ரகத்தைத் தாயாக வைத்துக் கொள்கிறார்கள். பூ முதிரும் முன்பே, சிறு இடுக்கியால் ஒவ்வொரு பூவிலும் உள்ள மூன்று ஆண் கேசரங்களைக் கிள்ளி எடுத்து, கதிருக்குக் காகித உறை மாட்டுகிறார்கள். பிறகு நோயைத் தாங்கும் இன்னொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டு வந்து தூவுகிறார்கள். ஒரு கதிருக்கு இந்த வேலை பல பத்துப் பூக்களில் நடக்க வேண்டும். பார்வையும் பொறுமையும் வேண்டும் கைவேலை இது.

பிறக்கும் பிள்ளைகளில் சில தாயைக் கொள்ளும். சில தகப்பனைக் கொள்ளும். ஆயிரக்கணக்கில் வளர்த்து, அவற்றின் மேல் வேண்டுமென்றே துருத்தூளைத் தெளிக்கிறார்கள். மாண்டது போக, நின்றதைப் பொறுக்குகிறார்கள். நின்றதிலும் விளைச்சல் குறைந்ததைக் கழிக்கிறார்கள். மறுபடியும் தாயோடு கலக்கிறார்கள். மறுபடியும் நோயைத் தெளிக்கிறார்கள். ஒரு ரகம் விவசாயி கைக்கு வர ஏறக்குறையப் பத்து ஆண்டு ஆகிறது. டில்லியில் டாக்டர் பி.பி. பால் இந்த முறையில் பாடுபட்டு, மூன்று துருவையும் தாங்கும் என்.பி. 809 என்ற ரகத்தை 1954-ல் வெளியிட்டார்.

அந்தத் தாங்கும் சக்தி என்ன மந்திரம்? மந்திரம் ஒன்றுமில்லை. பூசணம் இலைக்குள் நுழைந்ததும், அந்த ரகத்தின் பயிர் எதிரியை அடையாளம் கண்டு கொள்கிறது. நுழைந்த இடத்திலுள்ள உயிரணுக்கள் தாமே செத்து விடுகின்றன. உயிருள்ள இடத்தில்தான் பூசணம் உண்ண முடியும். செத்த இடத்தில் அது பட்டினி கிடந்து மடிகிறது. இலையில் ஒரு சிறு புள்ளி மட்டும் மிஞ்சுகிறது. சில அணுக்கள் மடிந்து பயிர் முழுவதையும் காக்கின்றன.

ஏழையின் தானியம் தந்த வரம்

இந்தச் சக்தியை ஆராய்ச்சிக்காரர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? புதிதாகச் செய்துவிடவில்லை. பழைய விதைகளிலிருந்தும் காட்டுப் புற்களிலிருந்தும் எடுத்தார்கள்.

அமெரிக்காவில் 1916-ல் கறுப்புத் துரு கோதுமையை வாரிக் கொண்டு போனது. அதே ஆண்டில் தெற்கு டகோட்டாவில் எட்கர் மக்ஃபாடன் என்ற இளைஞர், எமர் என்னும் உமி பிரியாத பழங்காலக் கோதுமையை ரொட்டிக் கோதுமையோடு கலந்தார். மாட்டுத் தீவனத்துக்குத்தான் லாயக்கு என்று பலர் ஒதுக்கிய தானியம் அது. பல ஆண்டு உழைப்பில் "ஹோப்" என்ற ரகம் பிறந்தது. ஹோப் என்றால் நம்பிக்கை. அதிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இன்றும் உலகத்துக் கோதுமையில் வேலை செய்கிறது.

அந்த எமர் இனத்தைச் சேர்ந்ததுதான் நமது சம்பா கோதுமை! நம் வீட்டுக் கஞ்சிக்கும் ரவைக்கும் வந்த அதே சம்பா கோதுமை. மராட்டியத்தில் அதைக் கப்ளி என்பார்கள். துருவின் இனங்களைப் பிரித்தறிய உலகம் முழுவதும் வைத்துக் கொண்ட 12 கோதுமைகளில் கப்ளியும் ஒன்று. அதிலிருந்து எடுத்த எதிர்ப்புக் கூறுகள் பிற்கால ரகங்களில் சேர்க்கப்பட்டன. வெலிங்டன் நிலையம் கப்ளி இனத்தையே சீர்திருத்தி எச்.டபிள்யூ. 1098 என்ற ரகத்தைத் தந்தது. காட்டுப்புல் ஒன்றிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியை, மானாவாரிக்கு ஏற்ற பழைய சி 306 கோதுமைக்குள் திரும்பத் திரும்பக் கலந்து ஏற்றி, எச்.டபிள்யூ. 2004 என்ற ரகத்தையும் தந்தது.

எதற்கும் உதவாது என்று தள்ளிய பழைய விதை, நெருக்கடியில் ஊரைக் காத்தது. அந்த விதையை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மடியில் கட்டிக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத விவசாயிகளும் விவசாயப் பெண்களுந்தான். இதை மறக்கக் கூடாது.

எதிரியும் தூங்குவதில்லை

ஒரு முறை நல்ல விதை கண்டுபிடித்து விட்டால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை, தோழர்களே!

எதிர்ப்புச் சக்தி ஒரு பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். கோடானு கோடி வித்துகளில் ஏதோ ஒன்று தற்செயலாக மாறி, அந்தப் பூட்டுக்குச் சாவியாகி விடுகிறது. நாடு முழுவதும் ஒரே பூட்டு என்றால், அந்த ஒரு சாவிக்கு எல்லா வீடும் திறந்து விடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1950 தொடங்கி 1954 வரை 15-பி என்ற புதிய துரு இனம் பழைய காவலை உடைத்தது. நம் நாட்டில் 1960-களின் இறுதியில் வந்த கல்யாண் சோனா அமோகமாக விளைந்தது, வடநாடெங்கும் பரவியது, 1970-களில் துருவுக்கு இரையானது. 1995-ல் வந்த பி.பி.டபிள்யூ. 343-ம் அப்படியே பரந்து விரிந்து, 2000-க்குப் பிறகு மஞ்சள் துருவுக்குப் பலியானது.

1998-ல் உகாண்டாவில் கண்ட கறுப்புத் துரு இனம், உலகம் பெரிதும் நம்பியிருந்த ஒரு பூட்டைத் திறந்து விட்டது. ஏமனைத் தாண்டி 2007-ல் ஈரான் வரை அது வந்திருப்பது தெரிந்தது. அதை எதிர்க்கும் சக்திகளைத் தேடியபோது, கப்ளியிலிருந்து பெற்ற கூறு ஒன்றும் அந்த வரிசையில் நின்றது!

2016-ல் வங்கதேசத்தில் கோதுமைக்குக் குலை நோய் வந்தது. ஆம், நெல்லில் நாம் பார்க்கும் அதே குலை நோயின் உறவுக்கார நோய்தான். சுமார் 15,000 ஹெக்டேர் பாழாயிற்று. எல்லை தாண்டாதிருக்க, மேற்கு வங்கத்தில் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கோதுமை விதைக்கவே தடை போட நேர்ந்தது. விதைப்பு இல்லை என்றால் அறுப்பு இல்லை. அறுப்பு இல்லை என்றால் கூலி இல்லை. வங்கதேச ஆராய்ச்சி நிலையம் 2017-லேயே நோயைத் தாங்கும் பாரி கோம் 33 என்ற ரகத்தை வெளியிட முடிந்தது. எப்படி? காட்டுப் புல்லின் எதிர்ப்புக் கூறு கொண்ட ரகங்கள் ஏற்கெனவே சோதனை வயலில் இருந்தன. நோய் வந்த பின் தேட ஆரம்பித்திருந்தால் இன்னும் பத்து ஆண்டு ஆகியிருக்கும்.

நெல்லும் பருத்தியும்

இதெல்லாம் கோதுமைக்கு மட்டுமல்ல. காவேரிப் பக்கத்தில் ஆடுதுறை 10 என்ற நெல் குலை நோயில் விழுந்தபோது, நோய் தாங்கும் கோ 4 நெல்லோடு அதைக் கலந்து கோவையில் கோ 25-ஐ உண்டாக்கினார்கள். சுதந்திரத்திற்கு முந்திய கதை இது.

பூச்சிக்கும் இதே வழி உண்டு. கனடாவில் கோதுமைத் தண்டின் உட்குழலில் ஒரு புழு குடியிருந்து தண்டை அறுத்துத் தள்ளியது. 1946-ல் உட்குழல் இல்லாமல் கெட்டியான தண்டுள்ள ரகத்தைக் கொடுத்தார்கள். புழுவுக்கு வீடே இல்லாமல் போயிற்று! நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் உருவான டி.கே.எம். 6 நெல், குருத்துப் பூச்சியை ஓரளவு தாங்கும். அதைத் தகப்பனாக வைத்துப் பிலிப்பைன்ஸ் நிலையத்தில் 1969-ல் பிறந்ததுதான் நம் வயல்களில் நெடுநாள் ஆண்ட ஐ.ஆர். 20. அதே டி.கே.எம். 6-ன் இன்னொரு வாரிசான ஐ.ஆர். 26, புகையானைத் தாங்கும் என்று 1973-ல் வந்தது. சில ஆண்டுகளில் புகையான் அந்தப் பூட்டையும் திறந்து விட்டது. பாடம் அதே பாடம்.

ஆலைத் தோழர்களுக்கு இப்போது பஞ்சைப் பற்றி. இலையில் ரோமம் அடர்ந்த பருத்தியில் தத்துப்பூச்சி எளிதில் சாறு உறிஞ்ச முடியாது. செலவில்லாத காவல் அது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் கூறு விதைக்குள்ளேயே இருந்தது. முதலில் மருந்தும் குறைந்தது. ஆனால் எங்கு பார்த்தாலும் அதே பூட்டு. 2010-க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகி விட்டது. ஆண்டுதோறும் விதைக்குப் பணம் கொடுத்த விவசாயி, மறுபடியும் மருந்துக்கும் பணம் கொடுத்தார். 2017-ல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளரும் நஞ்சேறி மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடுத்த ஆண்டே, 2018-ல், நம் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து இறங்கியதையும், அப்போது டேங்கைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் இங்கே இருக்கும் நீங்கள் எனக்குச் சொல்லித் தர முடியும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். விதைக்குள் இருக்கும் காவல், உழைப்பாளியின் உடம்புக்கும் காவல். ஆனால் அந்தக் காவல் ஒரு நாள் போட்டுவிட்டு உறங்கும் காவல் அல்ல; ஓயாமல் மாற்றிக் கொண்டே இருக்க வேண்டிய காவல். லாபம் வந்தால் நிற்பேன், வராவிட்டால் போவேன் என்கிறவன் இந்தக் காவலைச் செய்ய முடியாது. பத்து ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் நோய்க்கு இன்றே விதை தேடி வைப்பது பொது ஜனங்களின் பணத்தில் நடக்கும் நிலையங்களால்தான் முடியும். வெலிங்டனும் கோவையும் ஆடுதுறையும் நமக்குப் பக்கத்தில் கோவில்பட்டியும் அப்படிப்பட்ட நிலையங்கள். அங்கே ஆளும் பணமும் குறையாமல் பார்த்துக் கொள்ளும்படி கேட்பது நம் உரிமை.

நம் அளவில் செய்யக் கூடியவையும் உண்டு. விதைப்புக்கு முன் விவசாய விரிவாக்க மையத்தில் "எந்த ரகம் எந்த நோயைத் தாங்கும்?" என்று கேளுங்கள். ஒரு குளத்து ஆயக்கட்டு முழுவதும் ஒரே ரகத்தைப் போடாதீர்கள். நான்கு பூட்டு இருந்தால் திருடனுக்கு நான்கு மடங்கு வேலை. வீட்டில் பழைய விதை இருந்தால் எறியாதீர்கள். விவசாயி தன் விதையைச் சேர்த்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக் கொள்ளவும், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் 2001-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது.

மருந்தடித்தே தீர வேண்டிய நாளில், கையுறையும் முகமூடியும் சோப்பும் தண்ணீரும் கொடுப்பது வேலை கொடுப்பவர் பொறுப்பு. கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் "வேறு ஆள் பார்த்துக் கொள்கிறேன்" என்பார். எல்லோரும் சேர்ந்து கேட்டால் கொடுப்பார். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஒரே ஒரு எதிர்ப்புக் கூறை மட்டும் நம்பி நின்ற கோதுமை விழுந்தது. பல கூறுகள் ஒன்றாகச் சேர்ந்த கோதுமைதான் நெடுங்காலம் நின்றது. இதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடிக்கப் பல ஆண்டு ஆயிற்று. சங்கம் வைத்த தொழிலாளிக்கு இது புதிய சங்கதி அல்ல!